மலையில இருக்காரே, அவருக்கு

வியாழக்கிழமை மத்தியானம் தமயந்தி மறுபடியும் அஞ்சலையைக் கொன்றுவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவள் பாட்டுக்கு ஆட்டத்தை ஜெயிக்கப் பார்த்தாள். ஜெயிக்கிற வழியில் அஞ்சலை நின்றாள், அவ்வளவுதான்.

சுண்டுவிரல் உயர மர ஆட்டக்காய் ஒன்று மேசைமேல் மெல்லச் சாய்ந்து படுத்தது. அதைச் சுற்றி வரைந்திருந்த முள்வேலி ஒரு கணம் சிவந்து அடங்கியது. "காட்டுக்குச் சோறு கொடுத்தவர் நீக்கப்பட்டார். அரசுக்கு மூன்று புள்ளிகள்" என்றது மேசை, பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற குரலில்.

"அடச்சே!" என்று தமயந்தி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "ஒரு ஆட்டத்துலயாவது இந்தம்மா பொழைக்க மாட்டாங்களா, குணா?"

எதிரே இருந்த குணாளனைப் பார்த்தால் தோற்றவன் மாதிரியே தெரியவில்லை. மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். "எப்படிப் பொழைப்பாங்க? எங்க பூட்டி லா அவங்க. உயிர் போனாலும் காட்டிக் குடுக்க மாட்டாங்க."

ஈப்போவின் பழைய கடைவீதியில், ஒரு காப்பிக் கடையின் மாடியில் இருந்தது குணாளனின் ஆட்டக்கடை. படைகளை நகர்த்தி ஆடுகிற மேசை ஆட்டங்களைச் செய்து விற்பது அவன் தொழில். தமயந்தி முன்பு சரித்திர டீச்சர். இப்போது அவனுக்கு ஆட்ட விதிகள் எழுதித் தருகிறாள். இருவரும் கல்லூரி நாளிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறவர்கள். ஆட்டமென்று வந்துவிட்டால் தமயந்திக்குத் தாட்சண்யம் கிடையாது.

இந்த ஆட்டம் அவசரகாலத்தைப் பற்றியது. வெள்ளைக்காரன் மலாயாவை ஆண்ட கடைசி வருஷங்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒரு கூட்டம். அவர்களை வேட்டையாட ஒரு பட்டாளம். நடுவில், ரப்பர் மரம் சீவிப் பிழைத்த ஜனங்கள். காட்டைப் பட்டினி போடுவதற்காகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். சில இடங்களில் அரிசியையே கண்ணில் காட்டாமல், பொதுக் கொட்டகையில் பொங்கிச் சோறாகத்தான் அளந்தார்கள். சோறென்றால் கெட்டுப்போகும், காட்டுக்குப் போய்ச் சேராது என்று கணக்கு. காட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருட்டில் வந்து துப்பாக்கியை நீட்டிச் சோறு வாங்கினார்கள். காட்டிக் கொடுத்தான் என்று யார்மேல் சந்தேகம் வந்தாலும் அவனை மரத்தில் கட்டினார்கள். யார் பக்கம் நியாயம் என்று நாலு பேரைக் கேட்டால் இன்றைக்கும் ஆறு பதில் வரும்.

அந்த வம்பைத்தான் குணாளன் மேசைக்குக் கொண்டுவந்திருந்தான். அதிலும் ஒரு விசேஷம். அவனுடைய காய்கள் சொன்னபடி நகரா. பட்டாளத்துக்கும் காட்டுக்கும் ஆட்டக்காரர்கள் உத்தரவு போடலாம். லயத்து ஜனங்களோ அவரவர் புத்திப்படிதான் நடப்பார்கள். பழைய தோட்டத்து மனிதர்கள் பேசிப் பதிவான குரல்கள் எத்தனை கிடைக்குமோ அத்தனையையும் மேசைக்கு ஊட்டியிருந்தான். அதிலிருந்து அது ஆட்களை உண்டாக்கிக்கொண்டது. காயின் பக்கத்தில் காதை வைத்தால் பேசுவது கேட்கும்.

அஞ்சலை மட்டும் நிஜமாகவே இருந்தவள். புக்கிட் மெலூர் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவள், குணாளனின் தாத்தா மாரிமுத்துவைப் பெற்றவள். விடிவதற்கு முன் நடந்த சோதனையில் அவள் வீட்டில் ஒரு பிடி சோறு ஒளித்து வைத்திருந்தது அகப்பட்டது. யாருக்குச் சோறு என்று கேட்டதற்கு, "மலையில இருக்காரே, அவருக்கு!" என்று பட்டாளத்தான் முகத்துக்கு நேரே சொன்னாளாம். தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலையில்தான் காட்டுக்காரர்கள் பதுங்கியிருந்தார்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர்கள் குடும்பமே நின்றது. சொந்தக்காரர்கள் சேர்ந்து கட்டிய அஞ்சலை அம்மையார் மண்டபத்தின் வாசல் வளைவில், ஆச்சரியக்குறியோடு, ஆளுயர எழுத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை மண்டபத்தின் ஆண்டு விழா. அன்றைக்கு இந்த மேசையை எல்லார் முன்னாலும் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

"அது சரி," என்றாள் தமயந்தி, சாய்ந்த காயை நிமிர்த்திக்கொண்டே. "மத்தவங்க வீட்டுலயும் சோறு அகப்படுது. அவங்கள விசாரிச்சு விட்டுர்றாரு உன் மேசையில இருக்கிற பட்டாளத்து ஆபிசர். இவங்கள மட்டும் ஏன் நம்பவே மாட்டேங்கிறாரு?"

"மத்தவங்க பேர் சொல்லிடுறாங்க. புள்ளை பேரு, அண்ணன் பேருன்னு. எங்க பூட்டி பேர் சொல்றதில்ல. பேர் சொல்லாதவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு ஆபிசரோட காது கத்துக்கிச்சு."

"யாரு கத்துக் குடுத்தா?"

குணாளன் கொஞ்சம் தயங்கினான். "நீதான். முதல்ல ஆபிசரா ஆடினது பூரா நீதானே? பதில் வரலன்னா யோசிக்கவே மாட்ட, தூக்கி சந்தேகக் கட்டத்துல போடுவ. அது பாத்துக்கிட்டே இருந்துச்சு, தமா. இந்த மாதிரி சமாச்சாரமெல்லாம் நாம எழுதி வெக்கிறதில்ல. ஆடுறதப் பாத்துத்தான் கத்துக்கும்."

தமயந்திக்குச் சுருக்கென்றது. வெறும் ஆட்டம்தானே என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு காப்பி வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் குணாளன் மண்டபத்தில் மின்கம்பி வேலையைப் பார்க்கப் போயிருந்தான். தமயந்தி தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் தானே ஆடினாள். எப்படியாவது அஞ்சலையைச் சாகாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. நேற்று கேட்டது மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆட்டத்தில் ஒரு நாளென்பது மூன்று பங்கு. ராத்திரி காட்டுக்காரர்களின் முறை. விடிவதற்கு முன் பட்டாளத்தின் சோதனை. அப்புறம்தான் பகல், லயத்து ஜனங்களின் முறை. அஞ்சலையின் சோற்றை ராத்திரியில் குணாளனின் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் விட்டால் விடியுமுன் தமயந்தியின் ஆட்கள் கண்டுபிடிப்பார்கள். இரண்டில் ஒன்று எப்போதும் நடந்துவிடும்.

"ராத்திரி, பாஸ்," என்றாள் தமயந்தி. சீட்டாட்டத்தில் சொல்வதுபோலத்தான். "சோதனை, அதுவும் பாஸ்."

"இரண்டு தரப்பும் நகரவில்லை," என்றது மேசை. "உறுதியா?"

"உறுதி லா!"

அதுவரை யாரும் அதனிடம் அப்படிச் சொன்னதில்லை. எந்த ஆட்டக்காரன் தன் முறையைச் சும்மா விடுவான்? மேசை கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை. பிறகு அதன் விளிம்பில் வெளிச்சம் மெதுவாக ஏறியது. லயத்துக் காய்கள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியே வந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தை நோக்கி நகர்ந்தன. அஞ்சலை மட்டும் எதிர்த்திசையில், வீட்டுக்குப் பின்பக்கம், வேலியோரமாகப் போய் நின்றாள். தமயந்தி குனிந்து காதை வைத்தாள்.

"கா... கா... கா..."

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. அஞ்சலை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வரத்தான் எதுவும் இல்லை. அந்த மேசையில் ரப்பர் மரம் இருந்தது, மழை இருந்தது, ராத்திரியில் குரைத்துக் காட்டிக் கொடுக்க நாய் இருந்தது. காட்டில் நடந்தால் காலில் ஏற அட்டைகூட இருந்தது. காக்காய் மட்டும் இல்லை. இரண்டு வருஷமாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் வைத்த சோறு வைத்த இடத்திலேயே கிடந்தது.

தமயந்தி விசாரணைப் பொத்தானைத் தொட்டாள். இந்த முறை அதட்டவில்லை. "யாருக்கும்மா சோறு?"

"அவுகளுக்கு. எச்சி படாத சோறுங்க. நான் வாயில வெக்கிறதுக்கு முன்னாடி, மொதப் பிடி எடுத்து வெச்சது."

"காலையில பொங்கி வெக்கக் கூடாதா?"

"அரிசி ஏதுங்க? அந்திக்குக் கொட்டகையில குடுக்கிறதுதான்."

"அவுக பேரு?"

காய் லேசாக முனகியது. பிறகு, "மலையில இருக்காரே... அவரு" என்றது.

மண்டப வாசலில் எழுதியிருக்கிற அதே வார்த்தைகள். தமயந்தி குழம்பிப்போனாள். செத்துப்போன யாருக்கோ காக்காய்க்குச் சோறு வைக்கிறாள் என்பது புரிந்தது. அப்படியானால் மலை எங்கிருந்து வந்தது? காட்டுக்காரன் எவனாவது செத்து, அவனுக்கு வைக்கிறாளா?

படிக்கட்டு அதிர்ந்தது. குணாளனின் அத்தை தனபாக்கியம் குடையை ஊன்றிக்கொண்டு மேலே வந்தார். மாரிமுத்துவின் மூத்த மகள், மண்டபத்தின் தலைவி. வாசல் எழுத்துக்கு ஆச்சரியக்குறி போட்டே ஆகவேண்டும் என்று பெயின்டரிடம் சண்டை பிடித்தவர் அவர்தான். சனிக்கிழமை முதல் ஆட்டம் அவர்தான் ஆடப்போகிறார்.

"என்னம்மா, இந்தக் கட்டைதான் எங்க பாட்டியா?" என்று காயைக் கையிலெடுத்துப் பார்த்தார். "இதுக்கு யாரு பேசக் கத்துக் குடுத்தது?"

"யாரும் தனியா கத்துக் குடுக்கல அத்தை. நம்ம ஜனங்க பழைய கதை பேசினதயெல்லாம் கேட்டுக் கேட்டு, இந்த மாதிரி ஒரு பொம்பள இந்த நேரத்துல என்ன செய்வா, என்ன சொல்லுவான்னு அதுவா யோசிச்சுக்கும். குணா உங்க குடும்பத்துல இருக்கிற விவரமெல்லாம் குடுத்திருக்கான். மிச்சம் ஊகம்."

"நல்லா இருக்கு போ. நாளைக்கு நான் என்ன செய்யணும்?"

"உக்காருங்க. ஆடுறவங்க யாருன்னு மேசை கேக்கும், சொல்லிடுங்க."

மேசை பேரைக் கேட்டது, ஊரைக் கேட்டது. அத்தை மண்டபத்து மைக்கில் பேசுவதுபோலக் கணீரென்று சொன்னார். "கணவர் பெயர்?" என்றது மேசை.

அத்தை சேலைத் தலைப்பைச் சரி செய்தார். சுவரைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு அதுக்கு?"

"சும்மா சொல்லுங்க அத்தை. சொன்னாத்தான் அடுத்ததுக்குப் போகும்."

"சிதம்பரத்துல ஆடுறாரே... அவரு," என்றார் அத்தை, முகம் சிவந்து.

"சிதம்பரத்தில் ஆடும் ஒருவர்," என்றது மேசை. "பெயர் மறைக்கப்படுகிறது. சரியா?"

"யாருடா மறைச்சா? கட்டையில போக!" அத்தை மேசைமேல் குடையால் ஒரு தட்டு தட்டினார். "கட்டின புருசன் பேர எப்படிடா வாயால சொல்றது? கிளினிக்குல கேட்டாக்கூட பக்கத்துல இருக்கிறவங்கதான் சொல்லுவாங்க. இந்தக் காலத்துல நான் ஒருத்திதான் பாக்கின்னு நெனைக்கிறேன். எங்க அம்மா சொன்னதில்ல, எனக்கும் வரமாட்டேங்குது. என்னா செய்யச் சொல்ற?"

தமயந்தி சிரித்துக்கொண்டே 'நடராஜன்' என்று எழுத்தைத் தட்டினாள். கடைசி எழுத்தில் விரல் நின்றுவிட்டது. சிதம்பரத்தில் ஆடுகிறவர் நடராஜன். மலையில் இருக்கிறவர்?

அஞ்சலையின் காயைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை ஏதோ வடை, பாயசம் என்று பேசிக்கொண்டிருந்தார். தமயந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டி அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் குணாளன் வந்தபோது அவன் முழங்கையில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. வாசல் எழுத்துக்குத் தானே புதுப் பூச்சு கொடுத்துவிட்டு வந்திருந்தான். சந்தோஷமாக இருந்தான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தமயந்திக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள். இரண்டு பாஸ், காக்காய், எச்சில் படாத சோறு, அத்தையின் சிதம்பரம், எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது வெறும் ஊகம்," என்றான் அவன் உடனே. "எந்த விதவையோ காக்காவுக்குச் சோறு வெச்ச கதைய எங்கியோ கேட்டிருக்கும். எங்க பூட்டிக்கு ஒட்டிவிட்டிருக்கு."

"காக்கா ஊகம்தான், ஒத்துக்கிறேன். உன் தாத்தா அடையாளக் கார்டுல தகப்பன் பேரு என்ன போட்டிருந்துச்சு?"

"மாரிமுத்து, தகப்பன் பேரு பழனி..." என்றவன் அப்படியே நிறுத்தினான்.

கீழே காப்பிக் கடையில் யாரோ ஆர்டர் கத்துவது கேட்டது.

"அவரு எப்பத் தவறினாரு?" என்று தமயந்தி மெல்லக் கேட்டாள்.

"காய்ச்சல்ல. அதுக்கு முந்தின வருஷம்." குணாளனின் குரல் மாறிவிட்டது. "இல்ல தமா. ராத்திரி என் ஆளுங்க போனா அவங்க சோறு குடுக்கிறாங்களே? ஒவ்வொரு ஆட்டத்துலயும் குடுக்கிறாங்களே!"

"துப்பாக்கிய நீட்டினா நானும்தான் குடுப்பேன். குடுக்கிறப்போ என்ன சொல்றாங்கன்னு ஒரு தடவையாவது காத வெச்சுக் கேட்டியா? இன்னைக்கு அத்தை போனப்புறம் உன் பக்கத்தையும் ஆடிக் கேட்டேன். 'ஐயா, அது சாமிக்கு வெச்சது'ங்கிறாங்க."

குணாளன் அஞ்சலையின் காயைக் கையில் எடுத்தான்.

"உங்க வீட்டுல கதைய எப்படிச் சொல்றீங்க? 'யாருக்குச் சோறு'ன்னு கேட்டாங்க, 'மலையில இருக்கவருக்கு'ன்னு சொன்னாங்க. அப்படித்தானே? நடுவுல ஒரு கேள்வி விட்டுப்போச்சு, குணா. 'பேர் என்ன'ன்னு கேட்டிருப்பாங்க. நான் ஒவ்வொரு தடவையும் அதத்தான் கேட்டேன். புருசன் பேரச் சொல்ல முடியாம பழனி மலைய ஜாடை காட்டியிருக்காங்க. கேட்டவனுக்குத் தோட்டத்து மலைதான் தெரிஞ்சிருக்கு."

"அப்ப ஒரு காக்காவுக்காகவா செத்தாங்க?" குணாளன் எழுந்து நின்றுவிட்டான். கண் கலங்கியிருந்தது. "எங்க தாத்தாகிட்ட அவங்க அம்மா படம் ஒண்ணுகூட இல்ல, தெரியுமா உனக்கு? ஊரார் வீட்டுல தின்னு வளந்தவரு. அடி வாங்கிட்டு மூலையில உக்காந்து, 'எங்கம்மா யாரு தெரியுமா'ன்னு சொல்லிக்குவாராம். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு இருந்துச்சு. எங்கப்பாவுக்கும் அதான், எனக்கும் அதான். அத எடுத்துட்டு நீ என்ன குடுக்கப் போற?"

அவனுக்குக் கொடுக்கத் தமயந்தியிடம் ஒன்றுமில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

"அவங்க தப்பே செய்யல," என்றாள் கடைசியில். "அத யாராச்சும் ஒருத்தர் சொல்லணும், குணா. பட்டாளத்தான் அவங்கள எதிரின்னான். நாம வீராங்கனைன்னோம். அவங்க என்ன சொன்னாங்கன்னு யாரும் கேக்கல."

"அத்தைகிட்ட மூச்சு விடாத," என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போய்விட்டான்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. சாம்பார் வாசனை, பட்டுச் சேலைச் சரசரப்பு, செல்பி எடுக்கிற கூட்டம். மேடையில் மேசை. காய்களின் குரல் எல்லாருக்கும் கேட்க ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். தமயந்தி ஓரமாக நின்றாள். குணாளன் அவள் பக்கமே திரும்பவில்லை. அவன் நகக்கண்களில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இவன் இன்றைக்கு என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல ஆட்டத்தை ஓடவிட்டால் அஞ்சலை இத்தனை பேர் கைதட்டலுக்கு நடுவில் இன்னொரு தரம் சாவாள். அதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்று நினைத்தாள்.

அத்தை ஆபிசர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில், "அந்தப் பாவி இடத்துல என்னைய உக்கார வெக்கிறியா?" என்று கோபித்தாராம். அங்கே உட்கார்ந்தால்தான் பாட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்றதும் சம்மதித்துவிட்டார்.

"ராத்திரி. காட்டுக்காரர்களின் முறை," என்றது மேசை.

"பாஸ்," என்றான் குணாளன்.

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

சோதனை முறை வந்தது. அத்தை நேராக அஞ்சலையின் வீட்டுக்குப் போனார். சோறு அகப்பட்டது. அத்தை இடுப்பில் கையை வைத்து, நாடகத்து ராஜா மாதிரி அதட்டினார்.

"யாருக்குடி இந்தச் சோறு?"

"அவுகளுக்கு," என்றது ஒலிபெருக்கியில் ஒரு சின்னக் குரல். சில பெண்கள் அப்போதே மூக்கை உறிஞ்சினார்கள்.

"அவன் பேரு என்ன?"

"மலையில இருக்காரே... அவரு."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். விசில்கூட வந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தச் சத்தம் அடங்குகிற சமயத்தில் குணாளன், "அத்தை," என்றான். "மாமா பேரு என்ன?"

"என்னடா இது, சபையில வெச்சு..." அத்தை வெட்கத்தோடு சிரித்தார். "சிதம்பரத்துல ஆடு..."

முன்வரிசையில் இருந்த மாமா, "நடராஜன்!" என்று தானே குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. பாதியில் நின்ற வாய் அப்படியே நின்றது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். மேசையைப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, மரக்காயின் பக்கத்தில் குனிந்தது.

"தாயி," என்றார். அதட்டல் போன இடம் தெரியவில்லை. "பழனியா? எங்க தாத்தன் பழனிக்கா வெச்ச?"

"ம்," என்றது காய்.

"விசாரணை முடிந்தது," என்றது மேசை. "பெயர் சொல்லப்படவில்லை. நீக்கவா?"

"நீக்குவியா? நாசமாப் போறவனே, தொட்டுப் பாருடா!" அத்தை காயைச் சுற்றி இரண்டு கைகளையும் வேலி மாதிரி வைத்துக்கொண்டார். குரல் உடைந்து அழுகையாகிவிட்டது.

"அத்தை, பாஸ்னு சொல்லுங்க!" தமயந்தி ஓரத்திலிருந்து ஓடி வந்தாள். "பாஸ்னு சொன்னாப் போதும்!"

"பாஸ்! பாஸ்! பாஸ்!"

மேசையின் காது அதையும் கேட்டுக்கொண்டது. விளிம்பில் வெளிச்சம் ஏறியது. மற்ற காய்கள் பெரட்டுக்குப் போக, அஞ்சலை அத்தையின் கைகளுக்கு நடுவிலிருந்து மெல்ல நகர்ந்து, வீட்டுக்குப் பின்னால், வேலியோரம் போய் நின்றாள். "கா... கா..." என்ற குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

குணாளன் சட்டைப் பையில் கையை விட்டான். புதுப் பெயின்ட் முழுசாகக் காயாத ஒரு சின்னக் கறுப்புக் காயை எடுத்தான். அலகு சரியாக வரவில்லை, ஒரு பக்கம் கோணல். அதை வேலிக் கோட்டின் மேல் வைத்தான்.

அஞ்சலை கூப்பிடுவதை நிறுத்தினாள்.

"வந்துட்டீகளா?" என்றாள்.

பின்வரிசையில் இருந்து யாரோ ஒருவர், "அப்ப அவங்க காட்டுக்காரங்களுக்கு ஒத்தாசை செய்யலியா? போராளி இல்லியா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

"இல்ல," என்றார் அத்தை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எங்க தாத்தாவுக்குப் பொண்டாட்டி."

குணாளன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அத்தை கையை நீட்டி அவன் தோளைத் தொட்டார். வாசல் வளைவில், உள்பக்கமாகப் பார்த்தால் திரும்பித் தெரிகிற அந்தப் பெரிய சிவப்பு எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுத்து இருக்கட்டும்டா. அவங்க சொன்னது அதுதான், அதுல ஒண்ணும் தப்பில்ல," என்றார். "அந்த ஆச்சரியக்குறிய மட்டும் எடுத்துடு."

குணாளன் ஏணியைத் தேடிப் போனான்.